இமை மேல் ஒரு சிவப்பு

மகள் பிறந்த மறுநாள் காலை, வார்டு ஆயா அவளுடைய வலது இமையைத் தன் முந்தானை நுனியால் துடைத்துப் பார்த்தார். "யாரும்மா இது, அதுக்குள்ள பிள்ளைக்குக் குங்குமம் வச்சது?" என்றார். யாரும் வைக்கவில்லை. துடைத்தும் அது போகவில்லை. நகம் கீறியது போல ஒரு சிவப்பு. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றைக்கே யாரிடமாவது காட்டியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் யோசிக்கிறேன். காட்டியிருந்தால் மச்சம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் காட்டியிருக்கலாம்.

அது வளர்ந்தது. முதலில் ஒரு பயறு அளவு, பிறகு பாதி நாவல் பழம் அளவு. தொட்டால் பஞ்சு போல அமுங்கியது. குழந்தை அழும்போது கறுத்துப் பருத்தது. என் மாமியார், "கண்ணுல செகப்பு மச்சம், இவ ராணி மாதிரி இருப்பா பாரு" என்று வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா மட்டும் குரலைத் தாழ்த்தி, "கிரகணத்தன்னைக்கு வெளிய கிளிய வந்தியாம்மா?" என்று கேட்டார். நான் படித்தவள். அப்படியெல்லாம் இல்லை என்று தெரிந்தவள். ஆனாலும் அன்றைக்குக் கர்ப்ப மாதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், எந்த நாளில் எங்கே போனேன் என்று.

குழந்தை மருத்துவர் பார்த்ததும் சொல்லிவிட்டார். "இரத்தக் குழாய்க் கட்டி. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. தானா சுருங்கிரும், ஆனா வருஷக்கணக்கா ஆகும். முதுகுல, கால்ல இருந்தா விட்டுருவேன். இது கண்ணு." எங்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் சின்ன விளக்கைக் காட்டி அசைத்துப் பார்த்துவிட்டு, "இமை இறங்கிக் கருவிழிய மறைக்குதும்மா. மூளை பாக்கக் கத்துக்கிற வயசு இது. ஒரு கண்ணுலேர்ந்து ஒண்ணுமே வரலைன்னா மூளை அந்தக் கண்ணையே கைவிட்டுரும். அப்பறம் கட்டி போனாலும் பார்வை வராது" என்றார்.

அவர் சொன்னது மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டதோ, எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. கல்யாணத்துக்கு முன்பு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்து, ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் செல் வளர்க்கும் வேலை பார்த்தவள் நான். ரோஸ் நிறத் திரவத்தில் செல்கள் தட்டையாக ஒட்டிக்கொண்டு வாழும். அந்தத் திரவத்தில் கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரம் கலந்திருக்கும். ஒருமுறை சீரம் கலக்காத திரவத்தில் அவற்றை விட்டுப் பார்த்தோம். சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது, எல்லாச் சத்தும் இருந்தது. ஆனாலும் அவை செத்தன. சீரத்தில் இருந்த சில வேதிப்பொருள்கள் செல்லின் மேல்தோலில் உள்ள ஏற்பிகள் என்னும் சின்ன இருக்கைகளில் வந்து உட்கார்ந்து, 'இரு, இரு' என்று உள்ளே சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். சேதி நின்றால் செல் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்.

நுண்ணோக்கியில் அதைப் பார்த்திருக்கிறேன். கிழியாது, வெடிக்காது. ஒட்டிய இடத்தை விட்டுச் சுருங்கும். உலை கொதிப்பது போல மேலெல்லாம் குமிழ் குமிழாக எழும். பிறகு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து கிடக்கும். உடம்புக்குள் என்றால் அக்கம் பக்கத்துச் செல்கள் அவற்றைத் தின்றுவிடும், சுவடே இருக்காது. சாவதற்கு வேண்டியதெல்லாம் செல்லுக்குள்ளேயே ஆயத்தமாக இருக்கிறது என்பதும், பிழைத்திருப்பதற்குத்தான் வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அந்த வயதில் எனக்கு அழகாகத் தோன்றியது. தாயான பிறகு அது அழகாகத் தோன்றவில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஒரு மாத்திரை. இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பெரியவர்கள் சாப்பிடுவது. காளவாசல் மருந்துக் கடையில் இருந்தவர் சீட்டைப் பார்த்து, "யாருக்குக்கா, வீட்ல மாமாவுக்கா?" என்றார். "பாப்பாவுக்கு" என்றேன். தோளில் கிடந்தவளையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அந்த மாத்திரை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பயந்தால், பசித்தால் நம் உடம்பில் அட்ரினலின் சுரக்கும். அது போய் உட்காரும் ஏற்பிகள் அந்தக் கட்டியின் செல்களிலும் இருக்கின்றன. அங்கே அது உட்கார்ந்தால் 'வளரு, பெருகு' என்று சேதி போகும். மாத்திரை அந்த இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும், பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல. துண்டு உட்கார்ந்திருக்கும், பயணம் போகாது. அட்ரினலின் வரும், இடமில்லை என்று போய்விடும். சேதி நிற்கும். செல்கள் ஒவ்வொன்றாக முடித்துக்கொள்ளும். இது மட்டும்தான் காரணமா, வேறு வழியும் இருக்கிறதா என்று ஆராய்ச்சி செய்பவர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியவில்லை என்றும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

மருந்துக்கு முகவரி தெரியாது என்பதுதான் என் பயம். இமைக்கு என்று கொடுத்தாலும் அது உடம்பு முழுக்கப் போகும். அதே மாதிரி ஏற்பிகள் இதயத்தில் இருக்கின்றன, ஈரலில் இருக்கின்றன. குழந்தை பட்டினி கிடந்தால், அட்ரினலின்தான் ஈரலைத் தட்டிச் சேமிப்பில் இருக்கும் சர்க்கரையை வெளியே கொண்டுவரும். அங்கேயும் துண்டு கிடந்தால்? "வயிறு நெறையப் பால் குடிச்சப்பறம்தான் குடுக்கணும். குடிக்கலைன்னா அன்னைக்கு மருந்தே வேண்டாம்" என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சர்க்கரை இறங்கினால் நெஞ்சு படபடவென்று அடித்துக் காட்டிக் கொடுக்கும். இந்த மருந்து அந்தப் படபடப்பையும் அடக்கிவிடும். எச்சரிக்கை மணியையே கழற்றி வைத்துவிடும் மருந்து.

முதல் வேளையை மருத்துவமனையிலேயே வைத்துக் கொடுத்தார்கள். பிறகு வீட்டில் நான். மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து, குலுக்கி, மறுபடி குலுக்கி, அடியில் தங்கிவிட்டதோ என்று மூன்றாம் முறையும் குலுக்கி, ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சுவேன். ஆய்வகத்தில் இதைவிட நுணுக்கமாக அளந்திருக்கிறேன், கை நடுங்கியதில்லை. மாமியார் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார். "பச்சப்புள்ளைக்கு ஆர்ட்டு மாத்திரை. என்னத்தப் படிச்சியோ" என்பார். எனக்குக் கோபம் வராது. அதையேதான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தச் சிவப்பு மங்கியது. ஒரு வாரத்திலேயே வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்தது. பிறகு தளர்ந்தது. இமை மெல்ல மேலே ஏறியது. என் மகளின் உடம்பில் ஒரு பகுதி செத்துக்கொண்டிருந்தது, நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியார் தன் பங்குக்குக் குலசாமிக்கு வேண்டியிருந்தார். கண் திறந்தால் அங்கேயே மொட்டை எடுத்துக் காது குத்துவதாக. கணவரின் ஊர் சோழவந்தானைத் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு அப்பால். வெட்டவெளியில் கோயில். அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டையும் காதுகுத்தும் முடிந்த பிறகு, மாமன்தான் முதலில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக் குழந்தையின் நாக்கில் வைக்க வேண்டும். கோயிலுக்குள் வந்ததிலிருந்து அதுவரை யாரும் குழந்தையின் வாயில் எதுவும் வைக்கக் கூடாது.

"எட்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிரும்" என்று கணவர் சொன்னார். விடிகாலையில் வீட்டிலிருந்து கிளம்பும் முன் பால் கொடுத்தேன், மருந்தும் கொடுத்தேன். கொடுக்கும் முன் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று போனை எடுத்தேன். ஒரு காதுகுத்துக்காகவா அந்த நேரத்தில் கூப்பிடுவது என்று வைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு என் அண்ணன் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. மேளக்காரர்கள் தாமதம், பிறகு ரயில்வே கேட். பிறகு வெடிச்சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் வெடி ஒரே இடத்தில் வெடித்துக்கொண்டிருந்தது, சத்தம் பக்கத்தில் வரவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஏ தங்கச்சி, கம்மாக்கரையில நிக்கிறோம். உங்க வீட்ல எதுத்து வரச்சொல்லு."

"அண்ணே, நீங்களே வந்துருங்கண்ணே. எல்லாரும் காத்துக் கெடக்காங்க."

"நானா வந்து நின்னா எம்புட்டு அசிங்கம்? தட்டு, பழம், கிடாயின்னு சீரோட வந்திருக்கேன். மாப்ளய மேளத்தோட வந்து கூப்பிடச் சொல்லு."

கணவரிடம் சொன்னேன். "மேளமே உங்கண்ணன் கூட்டிட்டு வந்ததுதான? இங்க நான் எதைத் தட்டிக்கிட்டுப் போறது, அண்டாவையா?" என்றார். அவருடைய சித்தப்பா ஒருவர், "மாமன்தான் சாமிகிட்ட வரணும், நாம எதுக்கு எறங்கிப் போறது?" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூப்பிட்டால் வருவேன் என்று அங்கே, வந்தால் கூப்பிடுவோம் என்று இங்கே.

மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். "அழுகவே இல்லையே, தங்கமான பிள்ள" என்று யாரோ கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் சிணுங்கக்கூட இல்லை.

"அத்தை, பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வாரேன்."

"இந்தா வந்துட்டாங்கத்தா, வெடிச்சத்தம் கேக்குதுல்ல? மாமன் ஊட்டுற வரைக்கும் வெறும் வாயா இருக்கணும். செத்த பொறு."

பொறுத்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தைத்தான் பிறகு பல தடவை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னைக் கட்டிப் போடவில்லை. கோயிலுக்குப் பின்னால் வேன் நின்றது. பத்தடி நடந்திருந்தால் போதும்.

கடைசியில் நடந்தேன். வேனுக்குள் உட்கார்ந்து மார்பில் வைத்தேன். வாய் திறக்கவில்லை. உதட்டில் பாலைப் பிழிந்து விட்டேன், கடைவாயில் வழிந்தது. பின்கழுத்தைத் தொட்டேன், வேர்வை. என் கழுத்திலும் வேர்வை, அந்த வெயிலில் எல்லோர் கழுத்திலும் வேர்வை. ஆனால் அவளுடையது சில்லென்று இருந்தது. அல்லது என் கைதான் சில்லென்று இருந்ததோ? உள்ளங்காலைச் சுண்டினேன். முகம் கொஞ்சம் சுளித்தது, அவ்வளவுதான். கையைத் தூக்கி விட்டேன், விழுந்தது. நெஞ்சில் காதை வைத்தேன். நிதானமாக அடித்தது. வேறு எந்தத் தாயும் அதைக் கேட்டு நிம்மதி அடைந்திருப்பாள். அந்த நிதானத்தை நான் நம்பவில்லை. அது அவளுடைய நிதானம் இல்லை, காலையில் நான் கொடுத்த மருந்தினுடையது.

ஓடினேன். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் தாம்பாளத்தில் வெல்லம் உடைத்து வைத்திருந்தது, மேலே ஒரு செவ்வந்திப் பூ. பூ எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. ஒரு துண்டை எடுத்துப் பாட்டில் தண்ணீரை ஊற்றி உள்ளங்கையில் கரைத்து, விரலால் அவளுடைய கன்னத்தின் உட்பக்கம் தேய்த்தேன்.

மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்ன காரியம் பண்ற? சாமிக்கே இன்னும் படைக்கலடி!"

"அத்தை, பாப்பா எந்திரிக்க மாட்டேங்குறா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையின் பாதத்தைத் தொட்டார். என் மணிக்கட்டை விட்டார். அடுத்த நொடி இன்னொரு வெல்லத் துண்டை எடுத்துத் தரையில் வைத்துச் சொம்பால் நசுக்கினார். "தண்ணிய ஊத்து. கொஞ்சம் கொஞ்சமா தேய்யி, பொரையேறிரப் போகுது" என்றார். கூட்டத்தில் யாரோ, "சாமி வெல்லத்தப் போயி" என்று ஆரம்பித்தார்கள். "சாமி எங்கயும் போகாது, நீ தள்ளி நின்னு காத்து விடு" என்றார் மாமியார்.

நாங்கள் இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். முதலில் நாக்கு அசைந்தது. பிறகு என் விரலைச் சப்பியது. பிறகு அவள் அழுதாள். அவ்வளவு கோபமான அழுகையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன், முந்தானையைச் சரியாகப் போர்த்தினேனா என்றுகூட நினைவில்லை. நடுங்கிக்கொண்டே இருந்தேன். என் உடம்பில் அட்ரினலின் போய் உட்கார எல்லா இடமும் காலியாகத்தான் இருந்தது.

கணவர் போனில் என்ன கத்தினாரோ, அண்ணன் சீரையும் மேளத்தையும் கம்மாக்கரையில் விட்டுவிட்டு யாருடைய பைக்கிலோ பறந்து வந்தான். மாலை இல்லை, செருப்பும் ஒன்றுதான் இருந்தது. அதே பைக்கில் அவனும் நானும் குழந்தையுமாகப் பக்கத்து ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்ஸ் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"சர்க்கரை நல்லாத்தானம்மா இருக்கு. தூங்கியிருக்கும்."

"வெல்லம் குடுத்தோம், பாலும் குடிச்சா."

"அப்ப அதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

உண்மைதான். யாராலும் சொல்ல முடியாது. நான் அவளைக் காப்பாற்றினேனா, தூங்கிய குழந்தையை எழுப்பிச் சாமி வெல்லத்தை எச்சிலாக்கினேனா என்பது எனக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. திரும்பி வரும்போது அண்ணன், "சும்மா தூங்கியிருப்பா, விடு" என்றான். சற்றுப் பொறுத்து, "நான் வந்துருக்கணும்" என்றான்.

சுகாதார நிலையத்திலிருந்தே மருத்துவரையும் கூப்பிட்டிருந்தேன். "வெல்லம் குடுத்தது சரி. ஆனா இவ்வளவு நேரம் பால் குடுக்க முடியாதுன்னு தெரிஞ்சா அந்த வேளை மருந்தை விட்டுருக்கணும். என்னைக் கேட்டுருக்கலாமே?" என்றார். கேட்டிருக்கலாம்.

மொட்டையும் காதுகுத்தும் வெயில் சாய்ந்த பிறகு நடந்தன. அந்தச் சித்தப்பா கேலி பண்ணாமல் விடவில்லை. "ஆத்தாக்காரியும் அப்பத்தாக்காரியும் முந்தியே ஊட்டி முடிச்சுட்டாங்க. மாமனுக்கு இனி என்ன வேல? சும்மா மடியக் குடு மாப்ள" என்றார். அண்ணன் சிரிக்கவில்லை. மடியில் இருந்தவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை மாத்திரையைக் கரைத்தேன், குலுக்கினேன். சிரிஞ்சில் உறிஞ்சிய பிறகு கை முன்னே போகவில்லை. "ரெண்டு மூணு நாள் நிறுத்தி வச்சா என்ன? அதான் சுருங்கிருச்சுல்ல" என்றார் கணவர். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் சாகாமல் மிச்சமிருக்கும் செல்கள் அந்த இமைக்குள் காத்துக்கொண்டிருக்கும். துண்டை எடுத்தால் இடம் காலி. சேதி மறுபடி போகும், சிவப்பு மறுபடி ஏறும், கருவிழி மறையும். கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். இரண்டு பயங்களில் எதற்குப் பெயர் கடமை என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மாமியார் வாசலில் வந்து நின்றார். வழக்கமான பேச்சுக்கு என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

"பால் குடிச்சாளா?"

"குடிச்சா அத்தை."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

வந்து குழந்தையின் வயிற்றில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தார், பிசைந்த மாவைப் பதம் பார்ப்பது போல. "ரொம்பித்தான் இருக்கு. குடு" என்றார்.

கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்து விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள், இரண்டு கண்ணாலும்.

இன்னும் சில மாதங்களுக்கு மருந்து உண்டு. அன்றிலிருந்து மாமியாரின் முந்தானை முடிச்சில் ஒரு துண்டு வெல்லம் இருக்கிறது. சேலையெல்லாம் எறும்பு ஏறுகிறது என்று யாரையோ திட்டிக்கொண்டே தட்டிவிடுவார், முடிச்சை அவிழ்க்க மாட்டார். குழந்தை கொஞ்சம் அதிகம் தூங்கினால் நான் போய்ப் பின்கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பார்.